மைக்காளான் சாட்சி

ஆகஸ்ட் 6

மாமா,

திங்கட்கிழமை நீங்கள் குடித்திருந்தீர்கள். இதை நான் கேள்வியாகக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போனை எடுக்கச் சொல்லி நெட்டையிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். எடுத்தால் நீங்கள் அழுவீர்கள், நான் கத்துவேன், பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். அதனால் எழுதுகிறேன். உங்களோடு வேலை செய்கிற நெட்டையே இதைக் கொண்டுவந்து தருவார். பதில் இருந்தால் அவரிடமே கொடுத்து அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் டிப்போவுக்குப் பின்னால், வெட்டிப்போட்ட மரத்தின் அடியில் அந்தக் கொத்தை முதலில் பார்த்தது நீங்கள். சாம்பல் நிற மணிகளைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. மைக்காளான் என்று நான் சொன்னேன். அன்றைக்கே சமைக்காவிட்டால் கறுப்பு மையாக உருகிவிடும் என்றும் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். எதுவும் செய்யாத காளான் இது, ஆனால் சாப்பிட்ட பிறகு இரண்டு மூன்று நாளைக்குச் சாராயம் உடம்புக்குள் போனால் விஷமாகிவிடும், முகம் சிவக்கும், நெஞ்சு அடிக்கும், குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும். உங்களுக்குப் பிரச்சினை இல்லையே என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "எனக்கும் அந்தப் பாட்டில் அம்மாவுக்கும் எப்பவோ டைவர்ஸ் ஆயிடுச்சே" என்றீர்கள். அக்காகூடச் சிரித்தாள்.

மத்தியானம் வெண்ணெயில் பூண்டு போட்டு வதக்கி நாலு பேரும் சாப்பிட்டோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மத்தியானம் உங்களை மட்டும் நெட்டை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். கழுத்துவரை செக்கச்செவேல் என்று இருந்தீர்கள். சட்டையில் ஸ்பிரிட் வாடை. வாசலிலேயே வாந்தி எடுத்தீர்கள்.

நான் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நாள் முழுக்க என்னிடம் பொய் சொல்கிறார்கள். பத்து வயதுப் பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நாலு வயது என்பார்கள். எனக்குப் பொய் தெரியும். மனிதர்கள் பொய் சொல்வார்கள், காளானுக்கு அது தெரியாது.

அக்கா கதவைச் சாத்தியது என் பேச்சைக் கேட்டு இல்லை. நீங்கள் "இல்ல, இல்ல" என்று சொன்னதைக் கேட்டுத்தான். குடித்தேன் என்று சொல்லியிருந்தால் ஒரு பாயாவது போட்டிருப்பாள்.

பாப்பாவின் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்காதீர்கள்.

சின்னவள்


ஆகஸ்ட் 10

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை நெட்டை முன்னால் வைத்துப் படித்தது என் தப்பு. பாதியில் நிறுத்திவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று சொன்னேன்.

நான் குடிக்கவில்லை. பாப்பா நடக்கப் பழகிய வருடம் விட்டது. அதற்குப் பிறகு இருமல் மருந்துகூட மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன், உனக்கே தெரியும், அதற்கு நீ எத்தனை முறை கேலி செய்திருக்கிறாய். குடியை விட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நீளம். அந்த நீளத்தைக் குறைத்தது நீதான். ஒரு கூடையையும் மடக்குக் கத்தியையும் கையில் கொடுத்து, "வாங்க மாமா, சும்மா சுவத்தைப் பாத்துட்டு உக்காராதீங்க" என்று இழுத்துக்கொண்டு போனாய். நான் எந்தக் காளானைக் கண்டாலும் பிடுங்கப் போவேன், நீ கையைத் தட்டிவிடுவாய். மூன்று மழைக்காலம் அப்படித்தான் போனது. உன் அக்கா நம் இரண்டு பேரையும் பார்த்து, எனக்கு ரெண்டு பிள்ளைங்க, மூத்ததுக்குத்தான் மீசை என்று சொல்வாள்.

அதனால்தான் கேட்கிறேன். உன் காளானைப் பற்றி உனக்குச் சந்தேகமே வராதா? அது வேறு ஏதோ சனியனாக இருக்கக்கூடாதா? பாப்பா ஒரு துண்டு வாயில் வைத்துத் துப்பிவிட்டாள். உன் அக்கா ஒரு கரண்டி. நீ படம் எடுத்து, காளான் தேடுகிற உன் கூட்டத்துக்கு அனுப்புவதிலேயே பாதி நேரம் இருந்தாய். சட்டியை ரொட்டியால் வழித்துத் தின்றவன் நான். நிறையத் தின்றவனுக்கு விஷம் ஏறியது. இதுதான் நடந்தது. நீ தப்பான கொத்தைப் பறித்தாய். அதை ஒத்துக்கொள்ள உனக்கு மனசு வரவில்லை. ஒத்துக்கொண்டால் உன் கூட்டத்தில் உன்னை யாரும் மதிக்கமாட்டார்கள்.

சட்டை வாடையைப் பற்றி எழுதியிருக்கிறாய். கம்பெனி என்றால் ஆயிரம் நாற்றம் இருக்கும்.

ஐந்து பேர் படுக்கிற அறையில் ஆறாவதாகப் படுக்கிறேன். ஜன்னலுக்குக் கீழே சாக்கடை. அது பரவாயில்லை. உன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல். நான் தப்பாப் பறிச்சிருக்கலாம் என்று சொல். அவ்வளவு போதும். அவள் கதவைத் திறப்பாள்.

உன் மாமா


ஆகஸ்ட் 14

மாமா,

தப்பான கொத்து என்று எழுதிவிட்டீர்கள். சரி.

எந்தக் காளானைச் சமைத்தாலும் ஒன்றைச் சமைக்காமல் எடுத்து வைப்பேன். யாருக்காவது ஏதாவது ஆனால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதற்காக. நீங்கள் அதைத் திருஷ்டிக் காளான் என்று கிண்டல் செய்வீர்கள். அது ஃப்ரிட்ஜில் ஒரு கண்ணாடிப் புட்டியில் இருந்தது. முக்கால்வாசி மையாகிவிட்டது. அதையும், நான் எடுத்த படங்களையும், அதன் குடையைக் காகிதத்தில் கவிழ்த்து எடுத்த கறுப்புத் தடத்தையும் தூக்கிக்கொண்டு எங்கள் கூட்டத்திலேயே மூத்தவரான பல் டாக்டரிடம் போனேன். என்மேல் தப்பு இருந்தால் தெரியட்டும் என்றுதான் போனேன். அவர் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. மைக்காளான்தான்.

ஆக நான் பறித்தது சரி. நீங்கள் சொல்வதுதான் மிச்சம் இருக்கிறது.

நெட்டையிடமும் கேட்டேன். வாசலில் நின்று கையைப் பிசைந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, ஹால்ல மயங்கி விழுந்தாரு, தூக்கிட்டு வந்தேன்" என்றார். எந்த ஹால்? நீங்கள் அட்டைப்பெட்டி ஒட்டுகிற ஷெட்டில் வேலை செய்வதாகத்தான் இரண்டு வருடமாக எங்களுக்குத் தெரியும். பெட்டி ஒட்டுகிறவன் சட்டையில் பசை வாடை அடிக்கலாம். பனியன்வரை ஸ்பிரிட் ஊறியிருந்தது. அக்கா அதைத் துவைக்காமல் ஒரு பையில் கட்டிப் போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஊரான் ரத்தத்தையும் சீழையும் துவைக்கிறவள், உங்கள் சட்டையைத் தொடமாட்டேன் என்கிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அக்கா வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். குவார்ட்டர்ஸ் தருகிறார்களாம். மாதக் கடைசியில் கிளம்புகிறாள். பாப்பாவையும் கூட்டிக்கொண்டுதான். அதற்குள் உண்மையைச் சொன்னால் நான் பேசிப் பார்க்கிறேன். இன்னொரு பொய்க்கு என்னால் தூது போக முடியாது.

சின்னவள்


ஆகஸ்ட் 19

சின்னவளுக்கு,

மாதக் கடைசி என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி எனக்கு எதுவும் படிக்க ஓடவில்லை.

எழுதிவிடுகிறேன். நான் பெட்டி ஷெட்டில் இல்லை. இந்த வருட ஆரம்பத்திலேயே என்னைப் பாட்டில் ஹாலுக்கு மாற்றிவிட்டார்கள். கையில் தடவுகிற கிருமிநாசினி நிரப்புகிற ஹால். டிரம்மில் ஸ்பிரிட் வரும், தொட்டியில் ஊற்றிக் கலப்போம், குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கும். நான் மேஸ்திரியிடம் தனியாகப் போய்ச் சொன்னேன், அண்ணே நான் குடியை விட்டவன், இந்த வாடை எனக்கு ஆகாது என்று. "நாங்க என்ன உன்னைக் குடிக்கவா சொல்றோம், மூடித்தானே போடச் சொல்றோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வேண்டாம் என்றால் கேட் திறந்திருக்கிறது என்றான்.

உன் அக்காவிடம் எப்படிச் சொல்வேன்? நான் விட்டபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த வாடை அடிக்கிற இடத்துக்கே போகக்கூடாது. கல்யாண வீட்டில் அந்த மூலையில் நாலு பேர் நின்றாலே என் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வருகிறவள். அவளிடம் போய், தினமும் எட்டு மணி நேரம் அதிலேயே நிற்கிறேன் என்றா சொல்வது? கம்பெனிக் குழாயில் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வருவேன். அதுதான் நான் செய்த திருட்டு. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

ஹாலில் ஜன்னல் கிடையாது. மேலே ஒரு பெரிய காற்றாடி இருக்கிறது, உள்ளே இருக்கிற காற்றை இழுத்து வெளியே தள்ளுவதற்கு. அதை ஓடவிடமாட்டார்கள். ஓடினால் ஸ்பிரிட் ஆவியாகிப் போகிறதாம், கணக்கில் குறைகிறதாம். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் போடுவார்கள். அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெளிவாகத் தெரியும். மற்ற நாளில் கண் எரிந்துகொண்டே இருக்கும், தலை மிதக்கும். வாசலுக்குப் போய் நாலு மூச்சு இழுத்துவிட்டு வருவோம்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஒரு டிரம் கவிழ்ந்தது. முழங்காலில் உட்கார்ந்து கோணிச் சாக்கால் துடைத்துப் பிழிந்தவன் நான். சட்டை பனியன் எல்லாம் ஊறிவிட்டது. துடைத்து முடிப்பதற்குள் காது மடல் தீயாக எரிந்தது. நெஞ்சுக்குள் யாரோ ஓடுகிற மாதிரி இருந்தது. அப்போதும் மனசில் உன்னைத்தான் திட்டினேன், பாவி, என்னத்தைப் பறித்துப் போட்டாளோ என்று. இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன். உன் பல் டாக்டர் பல்லைப் பார்க்கட்டும்.

ஒரு சொட்டு என் தொண்டையில் இறங்கவில்லை. பாப்பாமேல் சத்தியமாக என்று எழுத வந்தேன். அவளை இதில் இழுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நேற்று அறையில் எல்லோரும் ஊற்றிக்கொண்டார்கள். நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். "எப்படியும் குடிகாரன்னு பேர் வாங்கியாச்சு, பேரையாவது காப்பாத்து" என்றான் ஒருத்தன். வேடிக்கைக்குச் சொன்னான். நானும் சிரித்தேன்.

சீக்கிரம் எழுது.

உன் மாமா


ஆகஸ்ட் 24

மாமா,

நீங்கள் குடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைக் கவுண்டரில் வைத்துப் படித்தேன். கோணிச் சாக்கு என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது. வரிசையில் நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். அன்றைக்கு எத்தனை பேருக்குத் தப்பான ஊருக்கு டிக்கெட் கொடுத்தேனோ தெரியாது.

சாராயம் உடம்புக்குள் போனால் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதை நான் வாய் வழியாக என்று மட்டுமே புரிந்துகொண்டேன். மூச்சிலும் போகும், தோலிலும் ஊறும் என்று யோசிக்கவில்லை. கிளினிக் டாக்டரம்மாவிடம் கேட்டேன். இந்தக் காளான் தின்ற உடம்புக்கு அந்த மாதிரி ஹாலில் அவ்வளவு நேரமே போதும், அதுவும் நனைந்த சட்டையோடு என்றால் கேட்கவே வேண்டாம் என்றார். குடை, தண்டு, செதில், தடம் என்று காளானைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதைத் தின்கிற ஆள் எங்கே நின்று வேலை செய்கிறார் என்று பார்க்கவில்லை.

உங்கள் கம்பெனிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. மேஸ்திரியை வாசல் கேட்டுக்குக் கூப்பிட்டார்கள். காற்றாடியைப் பற்றிக் கேட்டேன். பல்லைக் குத்திக்கொண்டே, வேலை நேரத்தில் குடித்ததற்காக உங்களை நீக்கியாகிவிட்டது என்றான். யார் சொன்னது என்று கத்தினேன். "உங்க வீட்லதாம்மா சொன்னீங்க. தூக்கிட்டு வந்த ஆள்கிட்ட நீங்களே சொல்லி அனுப்பிருக்கீங்க, இவர் குடிச்சிருக்காருன்னு. நாங்க அதைத்தான் எழுதிக்கிட்டோம்."

சொன்னேன் மாமா. வாசலில் நெட்டையிடம், தெருவே கேட்கிற மாதிரி. அவர்களுடைய ஹாலில் ஒரு ஆள் மயங்கி விழுந்தான் என்றால் அது அவர்களுக்குத் தலைவலி. குடிகாரன் விழுந்தான் என்றால் ஒன்றுமே இல்லை. அந்த ஒரு வார்த்தை அவர்களுக்குத் தேவையாக இருந்தது. தேடி அலையக்கூட விடாமல் கொண்டுபோய்க் கையில் கொடுத்திருக்கிறேன். வேலை போனதை நீங்கள் எனக்கு எழுதவே இல்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். முடித்ததும் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"சரி. அன்னைக்குக் குடிக்கல. நேத்து?"

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் பள்ளிக்கூட வாட்ச்மேன் சொன்னதைச் சொன்னாள். நேற்று சாயங்காலம் நீங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்திருந்தீர்களாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். வார்த்தை குழறியதாம்.

மாமா, அது பொய் என்று எழுதுங்கள். நீங்கள் என்ன எழுதினாலும் இந்த முறை நம்புகிறேன். சனிக்கிழமை அவள் ரயில். அதற்கு முன்னால் குளித்துவிட்டு வந்து வாசலில் நில்லுங்கள். நான் கதவைத் திறக்கிறேன்.

சின்னவள்


ஆகஸ்ட் 28

சின்னவளுக்கு,

பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், உள்ளே போனேன், வாங்கினேன், குடித்தேன். இத்தனை வருடம் மலை மாதிரி தெரிந்தது. தாண்டும்போது வாசற்படி உயரம்கூட இல்லை. மூன்று வாரமாக எல்லோரும் அங்கேதான் இருக்கிறாய் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். உன் கடிதத்தில் முதல் வரியைப் படித்தபோது கோபம்தான் வந்தது. நான் எத்தனை முறை சொன்னேன். ஆட்டோவில் சொன்னேன், வாசலில் சொன்னேன், காகிதத்தில் சொன்னேன். அப்போதெல்லாம் என் வார்த்தை போதவில்லை. டாக்டரம்மா சொன்னதும் போதுமானதாகிவிட்டது. உன் அக்காவும் அப்படித்தான். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, நீ படித்ததைச் சொன்னாய். அவள் என்னோடு இத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவள். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, பொறுத்திருந்து பார்த்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் பாப்பா என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். பக்கத்தில் வந்ததும் நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். அவளுக்கு அந்த வாடை என்னவென்றே தெரியாது, தெரியாமல் வளர்த்திருந்தோம். அப்புறம் திரும்பிப் போய் வாட்ச்மேன் பக்கத்தில் நின்றுகொண்டாள். என்னிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள ஒரு வாட்ச்மேன் பக்கத்தில்.

சனிக்கிழமை வரமாட்டேன். எந்த வாயை வைத்துக்கொண்டு வருவேன். இப்போதுகூட இதை எழுதுகிற கை நேராக இல்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

அவளுக்குப் பெரிய பெட்டியைத் தூக்க முடியாது. இடுப்பு வலி வரும். நீ கூடப் போய் ஏற்றிவிடு.

மாமா


செப்டம்பர் 9

மாமா,

நெட்டை இதை வாங்க யோசித்தார். நீங்கள் அந்த அறையில் இல்லையாம். ஏதோ லாரியில் லோடு ஏற்றுகிற வேலை என்று போனீர்களாம், எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லையாம். துணிப்பை மட்டும் இருக்கிறதாம், அதற்காகவாவது வருவீர்கள் என்கிறார். அதில் வைக்கச் சொல்லித் தருகிறேன்.

அன்றைக்கு ரயில் நிலையத்தில் பெட்டியை நான்தான் ஏற்றினேன். பாப்பா ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போட்டாள். அக்கா பிளாட்பாரத்தின் இரண்டு முனையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் பாட்டில் விற்கிறவனைத் தேடுகிறாள் என்று நினைத்து ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். அவள் பையில் ஏற்கெனவே இரண்டு பாட்டில் இருந்தன.

வண்டி கிளம்புகிற நேரத்தில் சொன்னாள். "விட்டுட்டு வரச் சொல்லு. முன்னாடி விட்டவர்தானே. ஆனா அட்ரஸை நீயா குடுக்காத. அவரே கேக்கணும்."

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நீங்கள்தான் கேட்க வேண்டுமா என்று. ஆனால் அவள் அதைச் சொன்ன முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதனால் வாக்குக் கொடுத்துவிட்டேன். முகவரி என்னிடம் இருக்கிறது. இந்தக் காகிதத்தில் எழுத மாட்டேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஹாலில் வேலை செய்த ஒருவராவது வந்து சொல்ல வேண்டும் என்கிறார்கள். நெட்டைக்குப் பயம், அவர் வீட்டில் மூன்று வாய். வேலையில் இருக்கிறவர்கள் பேசமாட்டார்கள், வேலை போனவர் நீங்கள் ஒருவர்தான். மனுவை வாங்கிய குமாஸ்தா, கம்பெனி உங்கள் பெயருக்கு எதிரே எழுதிக் கொடுத்திருப்பதைப் படித்துவிட்டு, "இவர் குடிச்சதுக்காக நீக்கப்பட்டவராச்சேம்மா" என்றார். அது என் வார்த்தை, நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். இதுக்கு அப்படி ஒரு வழி இல்லைம்மா என்றார். பரவாயில்லை. தினமும் போய் அவர் எதிரே உட்காருகிறேன். என்னைக் கண்டாலே இப்போது டீ குடிக்க எழுந்து போய்விடுகிறார்.

நீங்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று இதை எழுதவில்லை. சொன்னால் நல்லது, அவ்வளவுதான். காற்றாடி இன்னும் ஓடவில்லை. இப்போது உங்கள் இடத்தில் நிற்பது வேறு ஒருவர்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். முகவரியைக் கேளுங்கள்.

சின்னவள்


அக்டோபர் 18

மாமா,

துணிப்பை அங்கேயே இருக்கிறதாம். நீங்கள் வரவில்லையாம். போன கடிதம் அதற்குள் பிரிக்காமல் கிடக்கிறதாம். நெட்டை இதையும் அதன்மேலேயே வைப்பார்.

லோடு லாரிகள் நிற்கிற இடங்களில் கேட்டுப் பார்த்தேன். உங்கள் அடையாளம் சொன்னேன். ஒருவர் இருந்தார் என்கிறார்கள், போய்விட்டார் என்கிறார்கள். அது நீங்களா என்று தெரியவில்லை. கவுண்டரில் உங்கள் உயரத்தில் யார் குனிந்தாலும் முதலில் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் கேட்கிறேன்.

அக்கா வாரா வாரம் போன் செய்கிறாள். பள்ளிக்கூடம், தண்ணீர், இடுப்பு வலி எல்லாம் பேசுகிறாள். கடைசியில், "வேற ஏதாவது?" என்று கேட்பாள். ஒன்றும் இல்லை என்பேன். அப்புறம் வைத்துவிடுவாள்.

என்னைத் திட்டியாவது எழுதுங்கள். கெட்ட வார்த்தையில் எழுதுங்கள். குடித்துக்கொண்டே எழுதினாலும் சரி. எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள் மாமா. எழுதுங்கள்.